‘அண்ணன் மாதிரி’: திரைநாயகர்களும் கணவர்களின் பொறாமையும்

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தமிழ் சினிமா வரலாற்றை எழுதும் எவரும் இந்தச் செய்தியை விடுவதில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல், பாபநாசம் சிவனின் பாட்டுகள், ரம்பாவாக வந்த டி.ஆர். ராஜகுமாரியின் நடனம், அந்த நடனத்தில் அவர் பாகவதரை நோக்கிப் பறக்கவிட்ட முத்தம் எல்லாம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை. மனைவி லட்சுமி இருக்க ரம்பாவிடம் மயங்கிச் சொத்தை இழந்து, பட்டுத் தெளிந்து, கடைசியில் பக்தனாகும் ஒருவனின் கதை அது. லட்சுமியாக நடித்தவர் என்.சி. வசந்தகோகிலம், அவரும் பெரிய பாடகிதான்.

எழுதப்படாத ஒன்று உண்டு. அந்த அரங்கில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் பாகவதரைப் பார்த்தார்கள், கேட்டார்கள், அடுப்படியில் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தார்கள். வீட்டுக்குள் அது என்னவாக ஆயிற்று? தன் மனைவிக்கு ஒரு நடிகனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தபோது கணவர்கள் என்ன செய்தார்கள்? கணவனுக்கு ஒரு நடிகையைப் பிடித்திருந்தபோது மனைவிகளால் என்ன செய்ய முடிந்தது? நம் சினிமா வரலாறு இந்தக் கேள்விகளை வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட்டது. நட்சத்திரங்களின் சம்பளம் தெரிகிறது, படம் ஓடிய நாட்கள் தெரிகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததற்காக ஒரு பெண் வாங்கிய அடி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதைச் சிரிப்புக்குரிய விஷயமாக நினைப்பவர்கள் உண்டு. வெள்ளித்திரையில் ஓடும் நிழலைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்பார்கள். படுவான். எதற்காகப் படுகிறான் என்பதுதான் கேள்வி.

இருட்டில் கிடைத்த பார்வை

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் சினிமா சிற்றூர்கள்வரை போய்விட்டது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் திரையரங்கமே என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். சாதியை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட கருத்து இது. இதைப் பெண்களை வைத்தும் சொல்லிப் பார்க்கலாம். கோயில் திருவிழா, கல்யாண வீடு, துக்க வீடு ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் கூட்டமாகச் சேர்ந்து உட்கார வழியில்லாத பெண்களுக்கு டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் ஓர் இடம் கிடைத்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் குட்டைச் சுவரோ கீற்றுத் தட்டியோ இருக்கும்.

அந்தத் தட்டி, ஆண்கள் பெண்களைப் பார்க்காமல் இருக்க வைக்கப்பட்டது. பெண்கள் எதிரே திரையைப் பார்ப்பதை அது தடுக்கவில்லை.

நம் வழக்கத்தில் ‘பெண் பார்த்தல்’ என்று ஒரு சடங்கு இருக்கிறது. பெயரே சொல்லிவிடுகிறது, பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்று. காப்பித் தட்டை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து உள்ளே போக வேண்டியவள் பெண். தலைநிமிர்ந்து ஓர் ஆணின் முகத்தை ஆற அமரப் பார்ப்பது, அந்த ஆண் உறவுக்காரனாக இல்லாதபோது, ஒழுக்கக்கேடு. திரையரங்கம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே உறவில்லாத ஓர் ஆணை மூன்று மணிநேரம் அருகிலிருந்து பார்க்கலாம். அவன் அழுவதைப் பார்க்கலாம், பாடுவதைக் கேட்கலாம். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் இருட்டில் நம் முகத்தைக் கவனிக்க மாட்டார்கள். இதற்காகத் தரை டிக்கெட்டுக்கு ஒரு சிறு காசு கொடுத்தால் போதும்.

முகத்தைவிடக் குரல் இன்னும் ஆழமாக வீட்டுக்குள் வந்தது. வசதியானவர்கள் வீட்டில் கிராமபோன் இருந்தது. 1938இல் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது, பின்னர் இலங்கை வானொலி வந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் பாட்டு வந்தது. திரைப்படம் ஊரைவிட்டுப் போய்விடும், பாட்டு போகாது. மாவாட்டும்போதும் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் அது வாயில் வந்து நிற்கும். மனைவியின் வாயில் இன்னொருவனின் பாட்டு. அதைக் கேட்ட ஆண்கள் பாகவதரைப் போல முடி வளர்த்துக்கொண்டார்கள். ‘பாகவதர் கிராப்பு’ என்று அதற்குப் பெயரும் வந்தது. பாகவதரிடமிருந்து அவர்களில் பலர் வீட்டுக்கு எடுத்துவந்தது கிராப்பை மட்டும்தான்.

பக்தி தந்த அனுமதி

நல்ல குடும்பத்துப் பெண்கள் சினிமாவுக்குப் போகலாமா என்ற விவாதம் நடந்த காலத்தில், படங்களின் கதைகளே ஒரு பதிலைத் தந்தன. தொடக்ககாலப் படங்களில் பெரும்பாலானவை புராணப் படங்கள். பாகவதர் ‘திருநீலகண்டர்’ (1939), ‘சிவகவி’ (1943) என்று பக்தர்களாகவும் புலவர்களாகவும் வந்தார். சாமி படத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் மாமியாரும் தடுக்க முடியாது. மாமியாரும் கூடவே வந்தார் என்பதும் உண்மை. பெண்ணின் விருப்பம் வெளியே வர முதலில் அணிந்துகொண்ட வேஷம் பக்தி.

அந்தக் கதைகளுக்குள்ளேயே நம் பிரச்சினை இருந்தது என்பது சுவையான விஷயம். பெரியபுராணத்துத் திருநீலகண்டர் தில்லையில் வாழ்ந்த குயவர். அவர் வேறொருத்தியிடம் போய்வந்தது தெரிந்ததும் மனைவி கோபித்து, சிவன்மீது ஆணையிட்டுத் தன்னைத் தொடக்கூடாது என்கிறாள். அவள் தன்னைப் பன்மையில் சொன்னதால், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டமாட்டேன் என்று அவர் உறுதி எடுக்கிறார். ஒரே வீட்டில் தொடாமல் வாழ்ந்தே இருவரும் முதுமை அடைகிறார்கள். கடைசியில் சிவனே வந்து, குளத்தில் மூழ்கவைத்து, இளமையைத் திருப்பித் தருகிறான். மனைவியின் நியாயமான கோபத்தில் தொடங்கும் கதை கணவனின் பக்திக்குச் சான்றாக முடிகிறது. நாயன்மார் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. கோபித்த பெண்ணுக்குச் சேக்கிழார் பெயர்கூடச் சொல்லவில்லை.

இதற்கு மறுபக்கமாக 1945இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் ‘மீரா’ வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி மீரா, நாகையா ராணா. மணமான பெண் ஒருத்தி கணவனை விட்டுக் கண்ணன்மீது காதல் கொள்கிறாள். அந்தக் கண்ணன் கையில் அடங்கும் ஒரு சிலை. அதைப் பொறுக்க முடியாமல் கணவன் கொதிக்கிறான், அரண்மனை அவமானப்படுகிறது. தொட முடியாத, பேசாத, திரும்பிப் பார்க்காத ஓர் உருவத்தின்மீது மனைவி வைத்த அன்புக்காகக் கணவன் பொறாமைப்படும் கதையைத் தமிழ்நாடே கண்ணீர்விட்டுப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லோரும் மீராவின் பக்கம் நின்றார்கள். ஏனென்றால் அது கடவுள். கண்ணன் இருந்த இடத்தில் ஒரு நடிகனின் படம் இருந்திருந்தால் அதே ஆண்கள் ராணாவின் பக்கம் போயிருப்பார்கள்.

கனவுக்கன்னிக்கு எதிர்ச்சொல் இல்லை

டி.ஆர். ராஜகுமாரியைத் தமிழ் சினிமாவின் முதல் ‘கனவுக்கன்னி’ என்பார்கள். அவருக்குப் பின்னும் பலருக்கு அந்தப் பட்டம் போனது. ஆண்கள் இவளைக் கனவில் காண்கிறார்கள் என்பதே இந்தச் சொல்லின் பொருள். பத்திரிகைகள் அதை அட்டையில் போட்டன. வீட்டில் மனைவியும் பெண்ணும் இருக்க, அந்தப் பத்திரிகை நடுக்கூடத்தில் கிடந்தது. ஆணின் ஆசைக்கு மொழியே ஒரு பட்டத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

பெண்கள் கனவு கண்ட ஆணுக்கு இதுபோல் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். ஜெமினி கணேசனைக் ‘காதல் மன்னன்’ என்றார்கள். அது அவருடைய ஆட்சியைச் சொல்கிறது. அவரைக் கனவு கண்டவர்கள் யார் என்று சொல்வதில்லை. புரட்சி நடிகர், நடிகர் திலகம், மக்கள் திலகம் எல்லாமே பொதுமேடைப் பட்டங்கள். பெண்ணின் ஆசை என்ற ஒன்று இருப்பதாகவே அந்த மொழி காட்டிக்கொள்ளவில்லை.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. ‘ஹரிதாஸ்’ வெளியானபோது இந்து ஆண் எத்தனை பெண்களையும் மணக்கலாம். சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கு வழிசெய்த சட்டம் 1949இல்தான் வந்தது. படத்தில் லட்சுமியின் கண்ணீர் வெறும் நடிப்பு அல்ல, பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் சட்டநிலை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இதைவிட நீண்டகாலம் உயிரோடு இருந்தது. அந்தப் பிரிவின்படி, தன் மனைவியோடு உறவுகொண்ட இன்னொரு ஆண்மீது கணவன் வழக்குப் போடலாம். கணவனோடு உறவுகொண்ட பெண்மீதோ கணவன்மீதோ மனைவி வழக்குப் போட முடியாது. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. 1860இல் எழுதப்பட்ட இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்றுதான் ரத்து செய்தது. பொறாமைப்படும் உரிமை கணவனுக்கு மட்டுமே சட்டமாக எழுதித் தரப்பட்டிருந்தது. மனைவியின் பொறாமை வெறும் ‘குணம்’.

வழியில்லாத அந்தப் பொறாமை எங்கே போயிற்று? பெரும்பாலும் நடிகையின்மீது போயிற்று. மேடைக்கும் திரைக்கும் முதலில் வந்த பெண்களில் பலர் தேவதாசி மரபுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ராஜகுமாரி உட்பட. அந்த மரபில் பிறந்து அதை ஒழிக்கப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய நாவலின் தலைப்பு ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அம்மையார் அந்த அமைப்பின் கொடுமையை உள்ளிருந்து கண்டவர். இருந்தும் அக்காலத்துத் தலைப்பில் வலை தாசிகளுடையதாகவும், கடைசியில் புத்தி தெளிகிறவர் மைனராகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஹரிதாஸ்’ கதையும் அதே தடத்தில்தான் போகிறது. மயங்கியவன் பக்தனாகிறான், மயக்கியவள் வில்லியாகிறாள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கதை ஓயவில்லை. எண்பதுகளில் சில்க் ஸ்மிதாவின் நடனத்துக்கு ஆண்கள் டிக்கெட் வாங்கினார்கள், வசவு சில்க் ஸ்மிதாவுக்கு வந்தது. ஆண்களின் ஆசைக்கு இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வெறுத்து விலை கொடுத்தார்கள். ஒருத்தி திரையில், ஒருத்தி வீட்டில்.

‘அண்ணன்னு சொன்னேன்’

பக்தியின் வேஷம் ஐம்பதுகளுக்குப் பின் அவ்வளவு பயன்படவில்லை. சமூகப் படங்கள் வந்துவிட்டன, நாயகன் சட்டை போட்டுக்கொண்டு ரிக்‌ஷா இழுப்பவனாகவும் மீனவனாகவும் வந்தான். பெண்கள் அடுத்த வேஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அது உறவுமுறை.

திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றி வாழ்ந்தவர் என் பெரியம்மா. அறுபதுகளில் அவர் ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் இருந்தது. படம் வந்த புதிதில் அரங்கில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். பாட்டுகளோடு பாதிக் கதையும் அதில் இருக்கும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் பாட்டுப் புத்தக அட்டையில் இருந்த எம்.ஜி.ஆர். படத்தைப் பெரியம்மா தன் தகரப் பெட்டி மூடியின் உட்புறம் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்திருந்தார். பெட்டியைத் திறந்தால் மட்டும் தெரியும். பெரியப்பா ஒருநாள் தன் வேட்டியைத் தேடப்போய் அதைக் கண்டார். கிழித்தார். கிழித்ததோடு நிற்கவில்லை. பீடிக் காசை இனித் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்றும், படத்துக்குத் தனியாகப் போகக்கூடாது என்றும் சொன்னார். அந்த வீட்டு முன்வாசல் சுவரில் அப்போது ஜவுளிக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுவந்து மாட்டியவர் பெரியப்பா.

பெரியம்மா சொன்னது இது: “எனக்கு ஆத்தரமா வந்துது. ஆனா என்ன சொல்லி அவுககிட்ட பேச? யோசிச்சுப் பாத்தேன். அவரு எனக்கு அண்ணன் மாதிரி, அண்ணன் படத்த வச்சா தப்பான்னு கேட்டேன். அதுக்குப் பொறவு அவுகளால ஒண்ணும் சொல்ல முடியல.” இரண்டாவது பாட்டுப் புத்தகத்தின் அட்டை அதே இடத்தில் ஒட்டப்பட்டது. பெரியப்பா அதைக் கிழிக்கவில்லை.

இதைப் பெரியம்மா ஒருத்தியின் சாமர்த்தியமாக மட்டும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சுற்றிலும் இருந்த மொழி அதற்கு வழிசெய்து வைத்திருந்தது. படத்தின் பெயரே ‘எங்க வீட்டுப் பிள்ளை’. பெண்களை அவர் தாய்க்குலம் என்றார். அவருடைய படங்களில் தாயும் தங்கையும் கதையின் நடுவில் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஆணை மகனாகவோ அண்ணனாகவோ ஆக்கிவிட்டால், அவனைப் பார்ப்பதும் அவனைப் பற்றிப் பேசுவதும் குற்றமில்லை என்றாகிவிடும். எம்.ஜி.ஆருக்குப் பெண்களிடம் இருந்த செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த உறவுமுறைச் சொற்களை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பெண்கள் அவரைத் தாயன்போடு பார்த்தார்கள் என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அந்தச் சொல் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று அவர்கள் கேட்பதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், பெரியப்பா காலமான பிறகு, நான் அதைப் பெரியம்மாவிடம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “அண்ணன்னு சொன்னது அவுகளுக்காகத்தான். எனக்கு இல்ல.”

வெளியே ஆண்கள் மன்றம் வைத்தார்கள், கொடி கட்டினார்கள், கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். எண்பதுகளில் மதுரையில் கள ஆய்வு செய்து தமிழ் சினிமா பார்வையாளர்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய சாரா டிக்கி, ரசிகர் மன்றங்கள் பெரும்பாலும் இளைஞர்களின் உலகமாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆணின் ரசனைக்குத் தெருவும் பலகையும் பதிவு எண்ணும் இருந்தன. பெண்ணின் ரசனைக்குப் பெட்டி மூடியின் உட்புறம் இருந்தது.

அளவுகோல்

அப்படியென்றால் பெரியப்பாக்கள் எதற்குப் பயந்தார்கள்? மனைவி நடிகரோடு ஓடிப்போய்விடுவாள் என்று எந்தக் கணவனும் நினைத்திருக்க மாட்டான். பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்கும் சென்னையில் கார் வைத்திருப்பவருக்கும் இடையிலிருந்த தூரம் அவனுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் இருந்த இன்னொரு பெண் சொன்னது இதற்கு ஒரு விளக்கம் தந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன், அடிக்கும்போது ஒன்று கேட்பானாம்: “உங்க எம்.ஜி.ஆர். வந்து காப்பாத்துவாரா, கூப்பிடு பாப்போம்.” அவள் ஒருநாளும் அவனிடம் எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசியதில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரிந்திருந்தது. திரையில் ஒருவன் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தாயிடம் குரல் உயர்த்துவதில்லை, ஒரு பெண்ணிடம் எவனாவது வம்பு செய்தால் எங்கிருந்தாவது வந்து நிற்கிறான். அதைப் பார்த்துவிட்டு வந்த மனைவி தன்னையும் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் பொறாமை நடிகனைப் பற்றியது அல்ல. மனைவியிடம் ஓர் அளவுகோல் வந்துவிட்டது, தன்னை வைத்து அளந்து பார்க்கிறாள் என்ற அச்சம் அது. எல்லா ஆண்களும் இப்படித்தான், பொறுத்துப் போ என்று பெண்ணுக்குச் சொல்லப்பட்டு வந்தது. அப்படி இல்லாத ஓர் ஆண், கற்பனையிலாவது, இருக்க முடியும் என்று திரை காட்டிவிட்டது.

பெரியப்பா படத்தைக் கிழித்த கையோடு எதைக் கேட்டார் என்று திரும்பப் பாருங்கள். காசு, வெளியே போகும் சுதந்திரம். பீடி சுற்றும் பெண்ணுக்கு வாரக் கூலியில் ஓரிரு அணா தன் கையில் நிற்கும். வேறு யாருடைய பசியும் சம்பந்தப்படாத ஒன்றுக்காக அவள் செலவழித்த பணம் தரை டிக்கெட் பணம் மட்டும்தான். அவளுக்கென்று வாரத்தில் மூன்று மணிநேரம் இருந்தது என்றால் அது அந்த மூன்று மணிநேரம்தான். பொறாமை என்ற பெயரில் வீட்டில் நடந்த சண்டை, அந்தக் காசும் அந்த நேரமும் அந்தப் பார்வையும் யாருக்குச் சொந்தம் என்பதற்கான சண்டை.

இந்த அளவுகோலை நான் கொண்டாடவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதி, தமிழில் ‘பிம்பச் சிறை’ என்று வந்திருக்கும் புத்தகம், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் எவ்வளவு தந்தது, எவ்வளவு பறித்தது என்பதைக் கடுமையாகவே விசாரிக்கிறது. அதே படங்களில்தான் படித்த, பணக்கார, எதிர்த்துப் பேசும் பெண்ணை நாயகன் அடக்கி நல்ல மனைவியாக்கினான். ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) அதற்கு ஓர் உதாரணம். திரையில் குடிக்காத நாயகன் 1977இல் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில், 1983இல், டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. குடிகாரக் கணவனை அளக்கப் பெண்கள் வைத்திருந்த அளவுகோலைத் தந்தவரின் அரசே சாராய வருமானத்தில் நின்றது. இதில் ஏமாந்தவர்கள் பெண்கள் மட்டும் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் கேட்டது குடிக்காத, அடிக்காத ஒரு கணவன். அந்தக் கோரிக்கை சரியான கோரிக்கை. அதை ஓட்டாக மாற்றிக்கொண்டவர்கள் கோரிக்கையை மட்டும் நிறைவேற்றவில்லை.

பைத்தியமும் வெறியும்

1971இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் ‘குட்டி’ என்ற படத்தை எடுத்தார். பள்ளி மாணவி ஒருத்தி நடிகர் தர்மேந்திராவின்மீது பித்தாக இருக்கிறாள். அவளை மணக்க விரும்பும் இளைஞனின் மாமா, தர்மேந்திராவின் உதவியோடே, சினிமாவின் திரைமறைவு உலகத்தை அவளுக்குக் காட்டி மனதை மாற்றுகிறார். தர்மேந்திரா தர்மேந்திராவாகவே வந்தார். ஜெயா பாதுரி மாணவி. தமிழில் இது 1975இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில், ஜெயசித்ராவும் ஜெய்சங்கரும் நடிக்க ‘சினிமா பைத்தியம்’ ஆயிற்று.

இந்தியில் தலைப்பு அவளுடைய செல்லப்பெயர். தமிழில் அது ஒரு நோயின் பெயர். இரண்டுமே அன்பான படங்கள், சினிமாவின் பொய்யைச் சினிமாவே ஒப்புக்கொண்ட நேர்மையும் அவற்றில் உண்டு. ஆனால் கதையின் வேலை என்ன என்று கவனியுங்கள். ஒரு பெண்ணின் விருப்பத்தை மூன்று ஆண்கள் கூடிப் பேசி, அவளுக்குத் தெரியாமலே திட்டமிட்டு, வருங்காலக் கணவனிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறார்கள். மணமான பெண்ணாக இருந்தால் சண்டை, மணமாகாத பெண்ணாக இருந்தால் சிகிச்சை.

இந்தச் சொல்வேறுபாடு இன்றும் மாறவில்லை. நடிகருக்காகக் கட்அவுட்டில் ஏறுகிறவன் தீவிர ரசிகன், வெறியன். அந்த ‘வெறி’யில் ஒரு பெருமை கலந்திருக்கிறது. ஒரு நடிகனைப் பிடிக்கும் என்று சொல்லும் பெண் பைத்தியம், அலைகிறவள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் இன்னும் மோசமான சொற்கள் வரும். இப்போது பெட்டி மூடிக்குப் பதில் கைப்பேசி இருக்கிறது. முகப்புப் படமாக ஒரு நடிகனை வைத்ததற்காகக் கணவன் கைப்பேசியைப் பிடுங்கி உடைத்த கதையை என் மாணவி ஒருத்தி தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். உடைந்தது கைப்பேசி என்றாலும் போனது வேறு. அந்த அக்கா வேலை தேடி விண்ணப்பித்திருந்த எண்ணும், அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த எண்ணும் அதுதான். பெரியப்பா படத்தோடு சேர்த்துப் பீடிக் காசைக் கேட்ட அதே கணக்கு.

மாணவிகளிடம் நான் ஒரு வேலை கொடுப்பதுண்டு. வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ போய் இரண்டு கேள்விகள் கேட்டு வரச் சொல்வேன். உங்களுக்கு எந்த நடிகரைப் பிடிக்கும்? இது முதல் கேள்வி. அதை வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்? இது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பலரும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார்கள். சாமி படம் என்றேன், தம்பி மாதிரி என்றேன், பாட்டுக்காகப் போனேன் என்றேன், பக்கத்து வீட்டு அக்கா இழுத்துக்கொண்டு போனாள் என்றேன். ஒவ்வொரு பதிலின் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, ஒரு படத்தின் பெயர் இருக்கிறது. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினால் தமிழ் சினிமாவுக்கு இன்னொரு வரலாறு கிடைக்கும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த விடுமுறைக்குள் கேட்டு எழுதி வையுங்கள்.